உடலே உரைகல்

(மருத்துவம் பயிலும் தமிழன்பர்கள் கூட்டிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உடற்கூற்று நூல்களுள் எதனைத் தேர்வது என்பது பற்றிப் பேச ஒரு தமிழாசிரியனை அழைத்திருக்கின்றீர்கள். அறுவைக் கத்தியைப் பிடித்தறியாத கை இது. சுண்ணக்கட்டி பிடித்தே காய்த்துப் போனது. ஆயினும் நீங்கள் என்னை அழைத்தமைக்குக் கரணியம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே பயின்று, மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு புகும் பிள்ளை, முதற்கிழமையிலேயே தலையணை போன்றதொரு நூலை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு வரியிலும் ஐந்து புதுச் சொல்லைக் கண்டு திகைக்கின்றது. இலத்தீனமும் கிரேக்கமும் ஆங்கிலத்தின் வழியாக வந்து அதன்மேல் விழுகின்றன. "ஐயா, இந்நூலை விட்டு வேறு நூல் வாங்கலாமா? தமிழில் ஒன்று உண்டா? இருந்தால் அதை நம்பலாமா?" என்று என் பழைய மாணவர் பலர் வினவியிருக்கின்றனர். இம்மூன்று வினாக்களுள் மூன்றாவதே பெருவினா. அதற்கே இன்று விடை தேட விழைகின்றேன்.

நூல் எதுவாயினும் அதற்கு ஓர் உரைகல் வேண்டும். பாட்டுக்கு யாப்பும் பொருளும் உரைகல். உடற்கூற்று நூலுக்கோ உடல் ஒன்றே உரைகல். இது மிக எளிதாகத் தோன்றும் உண்மை. எனினும் உலகம் இதனைக் கற்றுக்கொள்ள ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆயின. கேலன் என்னும் பழம்பெரு மருத்துவர் குரங்கையும் பன்றியையும் அறுத்துக் கண்டு எழுதியவற்றை மாந்தவுடலின் அமைப்பென்றே ஐரோப்பா நம்பிக் கிடந்தது. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றார் அவர். மாந்தனுக்கு அஃது ஒன்றே. மூளையின் அடியில் வியத்தகு குருதிக்குழல் வலையொன்று உண்டென்றார். அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் உண்டு, நமக்கில்லை. வெசாலியசு என்னும் இருபத்தெட்டு அகவை இளைஞர் 1543-ஆம் ஆண்டில் பேசல் நகரில் தம் பெருநூலை வெளியிட்டு இப்பிழைகளை எடுத்துக் காட்டினார். இலத்தீனத்தில் எழுதிய அவர், மாணவர்க்கெனச் சுருக்கநூல் ஒன்றும் ஆக்கினார் என்பதையும், அச்சுருக்கம் அதே ஆண்டில் செருமானிய மொழியில் பெயர்க்கப்பெற்று வெளிவந்தது என்பதையும் நம்மவர் பலர் அறியார். பெருநூல் ஒன்று, மாணவர்நூல் ஒன்று, தாய்மொழிநூல் ஒன்று என மூன்றும் ஓராண்டிலேயே பிறந்துவிட்டன!

இனி, நூலைத் தேர்ந்தவர் கதையொன்று சொல்வேன். இது சப்பானில் நிகழ்ந்தது.

1771-ஆம் ஆண்டு. இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரின் கொலைக்களத்தில், ஒறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடல் அறுக்கப்பட இருந்தது. அதனைக் காண மருத்துவர் சிலர் சென்றனர். அவர்களுள் சுகிதா கென்பாகு, மாயெனோ இரியோதாகு என்னும் இருவர் கையிலும் ஒரே நூல் இருந்தது. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே கொண்டு வந்திருந்தனர். அது குல்முசு என்னும் செருமானியர் எழுதி, ஒல்லாந்தர் மொழியில் பெயர்க்கப்பட்ட உடற்கூற்று நூல். அதன் எழுத்துகளைச் சுகிதா படிக்க அறியார். படங்களை மட்டுமே பார்க்க அறிவார். அறுப்பவர் தொண்ணூறு அகவை முதியவர்; தாழ்த்தப்பட்ட குலத்தினர். அவர் ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக் காட்டக் காட்ட, இவர்கள் நூலை விரித்து ஒப்பிட்டனர். அவர்கள் அதுவரை பயின்ற சீன நூல்களோ நுரையீரலுக்கு ஆறு இதழும் இரண்டு காதும் உண்டென்றன. அவ்வுடலில் அவை இல்லை. ஒல்லாந்தர் நூலின் படமோ உள்ளது உள்ளபடி பொருந்திற்று. களத்தில் சிதறிக்கிடந்த எலும்புகளையும் பொறுக்கி ஒப்பிட்டனர், அவையும் பொருந்தின.

தோழர்களே, நூலைத் தேர்வது என்றால் இதுவே தேர்வு! நூலின் விலையையும் அட்டையையும் ஆசிரியரின் பட்டத்தையும் அவர்கள் பார்த்தாரல்லர். தம் நாட்டினர் ஆயிரம் ஆண்டு போற்றிய நூலாயிற்றே என்று தயங்கினாரும் அல்லர். மறுநாளே இரியோதாகுவின் வீட்டில் கூடி மொழிபெயர்ப்பைத் தொடங்கினர். ஒழுங்கானதோர் அகரமுதலிகூட அவர்களிடம் இல்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் காண ஒரு பகல் முழுதும் கழியும். 1774-ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. நரம்புக்கு அவர்களிடம் அதற்குமுன் சொல் இருந்ததில்லை. 'சிங்கெய்' என்று புதிதாக ஆக்கினர். இன்றும் சப்பானியர் நாவில் அச்சொல்லே வழங்குகின்றது.

இங்கு உண்மையை மறைத்தல் ஆகாது. அந்நூலைச் சீன எழுத்தில், கற்றோர் மட்டுமே படிக்கும் நடையிற்றான் அவர்கள் எழுதினர். நம் நாட்டில் வடமொழிக்கு இருந்த ஏற்றம் அங்குச் சீனத்துக்கு இருந்தது. எனவே, அவர்கள் முயற்சி தூய சப்பானிய முயற்சி என்று மேடையில் முழங்குவார் முழங்கட்டும், நான் சொல்லேன். பொருளை உடலில் கண்டபின் சொல்லை ஆக்கினர் என்பதையே சொல்வேன். சொல்லாக்கத்தில் நம்மவர்க்கு இருக்கும் ஆர்வம் பெரிது. அதை நான் இகழேன். ஆனால் பொருளைக் காணுமுன் சொல்லை ஆக்கும் விரைவு நம்மிடம் மிகுதி.

அதற்கு இரண்டு சான்று தருவேன்.

எல்லீரும் ஒரு கையை நீட்டுங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டவைத்து, மணிக்கட்டைச் சற்றே உள்நோக்கி மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே கயிறுபோல ஒன்று புடைத்து எழுகின்றதா? சிலர்க்கு எழும், சிலர்க்கு எழாது. எழாதவர் அஞ்சற்க. அஃது இல்லாமலே பிறப்போர் உண்டு. கைக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. சரி, அதன் பெயரென்ன? அதோ, பின்வரிசையில் ஒருவர் 'நரம்பு' என்கின்றார். நம் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். கையில் பச்சையாக ஓடும் குருதிக்குழலும் நமக்கு நரம்பு. அதில் போடும் ஊசி நரம்பூசி. கால் பிசகினால் 'நரம்பு புரண்டுவிட்டது'. உள்ளம் சோர்ந்தால் 'நரம்புத் தளர்ச்சி'. யாழில் கட்டியதும் நரம்பே.

இது தமிழின் குறையென்று எண்ணற்க. கிரேக்கரும் நாணுக்கும் வில்லின் கயிற்றுக்கும் நரம்புக்கும் 'நியூரான்' என்னும் ஒரே சொல்லைத்தான் வழங்கினர். அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்துக் கண்டபின்னரே இரண்டும் வேறென உணர்ந்து பிரித்தனர். அறுத்துப் பார்த்த மொழி பிரித்துச் சொன்னது; அவ்வளவே வேறுபாடு.

இப்போது மணிக்கட்டுக்கு வருவோம். அங்கே புடைத்தது நரம்பன்று, தசைநாண். வேறிடத்தில் நாண் அறுந்தவர்க்கு, இந்நாணை எடுத்து ஒட்டாக வைத்துத் தைப்பது அறுவை மருத்துவர் வழக்கம். அதனை ஒட்டி அடியிலேயே நடுநரம்பு ஓடுகின்றது. கட்டைவிரலுக்கு ஆற்றலும் விரல்களுக்கு உணர்வும் தருவது அது. நாணென்று கருதி அந்நரம்பையே வெட்டி எடுத்துவிட்ட பிழைகள் உலக மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆங்கிலத்தில் கற்றவர்களே செய்த பிழை! நாண் இல்லாத கையில் நாணைத் தேடியதன் விளைவும் அதனுள் உண்டு. ஆகவே, நல்ல நூல் 'இங்கே ஒரு நாண் உண்டு' என்பதோடு நில்லாது. 'சிலர்க்கு இராது, அடியில் நரம்பு உண்டு' என்றும் சொல்லும். உடலுக்கு உடல் மாறும் வேறுபாட்டைச் சொல்லாத நூல் தேர்வெழுத உதவும். மருத்துவம் செய்ய உதவாது. தமிழில் எழுதப்படும் நூலோ இன்னும் ஒருபடி விழிப்பாக, நரம்பு என்னும் சொல்லை ஒரே பொருளுக்கு உரியதாக்கி, நாணுக்கும் குருதிக்குழலுக்கும் வேறு வேறு சொற்களை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை மாறாது ஆளல் வேண்டும்.

இரண்டாம் சான்று நம்மைச் சுடும். தமனி, சிரை என்பன வடசொற்கள் என்று நீக்கி, 'நற்குருதிக் குழல்', 'கெடுகுருதிக் குழல்' என்று எழுதினார் உண்டு. பள்ளி நூல்களிலும் நல்ல குருதி, கெட்ட குருதி என்னும் பிரிவு நெடுங்காலம் இருந்தது. கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால் நெஞ்சாங்குலையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் பெருங்குழலில் ஓடுவது உயிர்வளி குறைந்த குருதி. அஃது அமைப்பால் தமனி. நுரையீரலிலிருந்து மீள்வது உயிர்வளி நிறைந்த குருதி. அஃது அமைப்பால் சிரை. தாய் வயிற்றுக் குழவிக்குக் கொப்பூழ்க்கொடி வழியே ஊட்டம் கொண்டுவருவதும் சிரையே. ஆகலின் 'நற்குருதிக் குழல்' என்று படித்த மாணவன் நுரையீரலில் தடுமாறி விழுவான். நெஞ்சாங்குலையை விட்டு வெளியே செலுத்துவது தமனி, அதனை நோக்கி வருவது சிரை. இலக்கணம் இதுவென்றால் செல்குழல், வருகுழல் என்று சொல்லிப் பாருங்கள். தமிழும் ஆயிற்று, பொருளும் பிழையாது. இதனினும் நல்ல சொல் ஒருவர் தந்தால் ஏற்பேன். ஆனால் அவர் முதலில் குருதியோட்டப் படத்தைப் பார்த்துவிட்டு வரல் வேண்டும்.

இன்னொன்றும் இவ்விடத்தே சொல்லிவிடுகின்றேன். எழுபத்தீராயிரம் நாடி என்னும் கணக்கு நம் சித்தர் மரபில் உண்டு. அம்மரபின் மருந்தறிவைப் போற்றுவேன். எனினும் அக்கணக்கு அறுத்து எண்ணிய கணக்கன்று. உடற்கூற்று நூலுள் அதற்கு இடமில்லை. பழம்பெருமைக்காக அதனைச் சேர்க்கும் நூலை, நீங்கள் தமிழரென்பதாலேயே ஒதுக்குங்கள்.

இனித் தமிழுக்கு வந்த முதற் பெருநூலின் கதை. கிரேயின் நூலை அறியாத மருத்துவர் இலர். இலண்டன் மாநகரின் தூய சியார்ச்சு மருத்துவமனையில் பணியாற்றிய என்றி கிரே எழுத, அவர் தோழர் கார்ட்டர் படம் வரைய, 1858-ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. 363 படங்கள். அதன் வெற்றி படத்தில் இருந்தது. அதற்கு முந்தைய நூல்கள் பலவற்றில் உறுப்புக்கு ஓர் எண்ணோ எழுத்தோ இட்டு, பெயரைக் கீழே பட்டியலாகத் தருவர்; மாணவன் கண் மேலும் கீழுமாக அலையும். கார்ட்டரோ பெயரை உறுப்பின்மேலேயே எழுதினார். தசையின்மேல் தசையின் பெயர். குழலின் நெடுக்கே குழலின் பெயர். கிரே 34 அகவையில் பெரியம்மையால் இறந்தார். கார்ட்டர் பம்பாய்க்கு வந்து மருத்துவப் பேராசிரியரானார்; 'மதுரைக்கால்' என்று உலகம் வழங்கும் நோய் பூஞ்சையால் வருவது என ஆய்ந்தவர் அவரே. அந்நூற்படங்களை வரைந்த கைக்கும் நம் மதுரைக்கும் இப்படியொரு தொடர்பு!

அந்நூல் வெளிவந்து பதினான்கே ஆண்டில், 1872-இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன் அதனைத் தமிழாக்கினார். அமெரிக்கர், 1847-இல் ஈழம் வந்தவர். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசுப்பணி தேடி நகரங்களுக்குப் போய்விடுவதைக் கண்டார். சிற்றூர் மக்களோடு தங்கி அவர்களுக்கு மருத்துவம் செய்வோர் வேண்டுமானால் தமிழிலேயே கற்பித்தல் வேண்டும் என்று துணிந்து, 1864 அளவில் தமிழுக்கு மாறினார். அவர் உருவாக்கிய மருத்துவர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். 1873-இல் தாயகம் மீண்ட பின்னும் தமிழ் நூற்பணியை அவர் விட்டாரல்லர். 1884-இல் மறைந்தார், தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் செய்தார்.

அவர் நூல் தேர்ந்த முறையை நோக்குங்கள். முதலில் கிரேயை எடுக்கவில்லை. கட்டர் என்னும் அமெரிக்கர், பள்ளி கல்லூரி மாணவர்க்கென உடற்கூறும் உடலியக்கமும் நலவாழ்வும் சேர்த்தெழுதிய சிறு நூலையே முதலில் தமிழாக்கினார். கற்பித்துப் பழகி, சொற்கள் நிலைத்து, மாணவர் நாவில் தமிழ்க் கலைச்சொல் ஏறிய பின்னரே கிரேயைத் தொட்டார். சிறியதை முன்னும் பெரியதைப் பின்னுமாக வைத்த அம்முறை இன்றும் செல்லும்.

சொல்லுக்கும் அவரிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் தமிழில் தேடுவார், கிடையாதாயின் வடமொழியில், அதிலும் இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுவார். முதற்படி நமக்கு உவப்பு. ஆனால் அவர் நூலின் பெயரே 'மனுஷ அங்காதிபாதம்'! வடவெழுத்தோடு அவர் இட்டபடியே சொன்னேன். உடற்கூறு என்று சொல்லக்கூடாதா? ஆங்கிலத்தார் வழங்கும் பெயருக்குக் கிரேக்கத்தில் 'அறுத்துப் பகுத்தல்' என்றே பொருள். கூறு போடுதல் என்று நம் சந்தையிலும் இறைச்சிக் கடையிலும் வழங்குகின்றதே, அதுவே அது! அக்காலத்துக் கற்றோர் நடை அவரை வடமொழிப்பக்கம் இழுத்துவிட்டது. அதற்காக அவரைக் குறைசொல்வார், தாம் ஒரு பக்கமேனும் பெயர்த்துவிட்டுச் சொல்லட்டும். அவருக்குப் பின் நாம் அப்பணியைத் தொடராமல் விட்டதே எனக்கு வருத்தம். கல்லீரலும் மண்ணீரலும் கணையமும் குடல்வாலும் குரல்வளையும் மணிக்கட்டும் கெண்டைக்காலும் படைத்த மொழிக்குச் சொல்வறுமை ஏது?

2022-ஆம் ஆண்டு அக்தோபரில் போபாலில் மருத்துவ முதலாண்டு நூல்கள் இந்தியில் வெளியிடப்பெற்றன. உடற்கூறும் அவற்றுள் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் ஆங்கிலக் கலைச்சொற்களே நாகரி எழுத்தில் நிற்கின்றன என்று குறை கூறினர் பலர். எழுத்தை மாற்றினால் மொழி மாறிவிடாது. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியில் இறங்கியுள்ளது. அவற்றை வாங்கிப் பாராட்டுவதோடு நில்லாமல், நான் சொன்ன மணிக்கட்டையும் நுரையீரற் குழலையும் அவற்றில் புரட்டிப் பாருங்கள். இடறினால் பக்க எண்ணோடு எழுதியனுப்புங்கள்.

இப்போது உங்கள் முதல் வினா: எதை வாங்குவது? நூல்கள் ஒருவகையின அல்ல. கிரேயின் பெருநூல் இன்று ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்டது; ஐயம் வந்தவிடத்துத் திறந்து பார்ப்பதற்குரியது. முதலாண்டு மாணவன் அதனைத் தலைமுதல் படிக்கப் புகுதல், அகரமுதலியைக் கதைநூலாகப் படிப்பது போலாம். அதற்கு நூலகப் படி போதும், காசைச் செலவழிக்காதீர்கள். 2005-இல் மாணவர்க்கெனத் தனியே வந்த கிரே வேறு. பெயரைக் கண்டு மயங்கற்க. நம் நாட்டில் 1979 முதல் வழங்கும் சௌராசியாவின் நூல் தேர்வுக்கு உதவும், எளிய நடையது. அதனோடு படநூல் ஒன்று கட்டாயம் வேண்டும். கிராண்டின் படநூல் 1943-இலும், நெட்டரின் படநூல் 1989-இலும் வந்தவை. இன்றும் புதுப்பதிப்பாக வருகின்றன. ஓவியம் தெளிவைத் தரும். ஒளிப்படம் உண்மையைத் தரும். அறுவைக்கூடத்தில் நரம்பு மஞ்சளாகவும் செல்குழல் சிவப்பாகவும் இராது என்பதை மறவாதீர்கள்.

நூலின் அடுக்கையும் பாருங்கள். எலும்பெல்லாம் ஓரிடம், தசையெல்லாம் ஓரிடம் என அடுக்குவது ஒரு முறை. கை, கால், மார்பு, வயிறு என உடற்பகுதியாக அடுக்குவது ஒரு முறை. உங்கள் அறுவைக்கூடம் இரண்டாம் முறையில் இயங்குகின்றது. கிரேயின் பெருநூலே 2005-ஆம் ஆண்டின் 39-ஆம் பதிப்பில் அம்முறைக்கு மாறிற்று. பழம்பதிப்பை மலிவாக வாங்குமுன் இதனை எண்ணுக. பெயர்களிலும் காலம் உண்டு. ஐம்பதினாயிரம் அளவில் பெருகிக் கிடந்த உறுப்புப் பெயர்களை 1895-இல் பேசலில் கூடி ஐயாயிரத்துச் சொச்சமாகக் குறைத்தனர். 1955-இலும் 1998-இலும் மீண்டும் திருத்தினர். ஓர் உறுப்புக்கு ஒரு பெயர் என்பது அவர்கள் முடிவு. ஐரோப்பியரே பெயர்க் குழப்பத்தைக் கூடித் தீர்த்தார்கள் என்றால், ஊருக்கொரு சொல்லாக்கக் குழு வைத்து, ஒரு கணையத்துக்கு நான்கு பெயர் சூட்டும் நாம் எப்போது கூடுவோம்?

ஒரு நூலைப் பற்றி எச்சரிக்கை. வியன்னாவின் பெர்ன்கோப்பு படநூல் அழகில் இணையற்றது. 1937 முதல் வெளிவந்தது. அவர் நாசிக் கட்சியினர். அவருடைய நிறுவனத்துக்கு ஒறுத்துக் கொல்லப்பட்டோர் உடல்கள் 1,377-க்குக் குறையாமல் வந்தன என்று வியன்னாப் பல்கலைக்கழகமே 1998-இல் ஆய்ந்து வெளியிட்டது. அப்படங்களில் இருப்போர் யார் என்று கேட்காமல் அதனைப் புரட்டுதல் தகாது. கிரேயின் நூலுக்கு உதவியவையும் கேட்பாரற்ற ஏழையர் உடல்களே. இன்று உங்கள் மேசையில் கிடப்பவருள் தம் உடலைத் தாமே கொடையளித்தவரும் உளர். அவர்களுக்கு முதலில் வணக்கம் செலுத்திவிட்டு நூலைத் திறவுங்கள்.

தமிழ்வழி வந்த பிள்ளைகளுக்கு ஒரு செயல்முறை. ஆங்கில நூலையே வாங்குங்கள். தேர்வும் பணியும் இன்று அதில் இருப்பதால். அதன் விளிம்பில் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழ்ப்பெயரைக் கரிக்கோலால் எழுதுங்கள். மையால் எழுத வேண்டா, திருத்த நேரும். ஓர் ஆண்டு முடிவில் அவ்விளிம்புகளை எல்லாம் தொகுத்தால், உடலைக் கண்டவர் எழுதிய கலைச்சொற் பட்டியல் ஒன்று நமக்குக் கிடைக்கும். அப்பட்டியலோடு அடுத்த ஆவணியில் இதே அரங்கில் கூடுவோம். இலக்கணப் பிழை பார்க்க நான் வருகின்றேன், பொருட்பிழை பார்க்க உங்கள் பேராசிரியர்களை அழைத்து வாருங்கள்.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.